மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து தொட்டியில் கொட்டினால் மாடு ஆசையாகத்தான் தின்னும். மறுநாள் காலையில் அசை போடாமல், தீவனத்தைத் திரும்பியும் பார்க்காமல், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நிற்கும். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாளும் பல ஊர்களில் இதே கதைதான். "சோறு செரிக்கல" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறோம், ஆனால் சோறு அளவுக்கு மீறிய வேகத்தில் புளித்துப்போனதுதான் வினையே.

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் நான்காவது அறைதான் நம் இரைப்பை போல, நாயின் இரைப்பை போல, சொந்தமாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பது. அங்கே கட்டுப்பாடு பக்காவாக இருக்கிறது. நரம்பின் தூண்டல், காஸ்ட்ரின் என்ற ஹார்மோன், ஹிஸ்டமின் மூன்றும் சேர்ந்து அமிலத்தைச் சுரக்கச் சொல்லும். அமிலம் அதிகமானால் சோமடோஸ்டாட்டின் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து காஸ்ட்ரினை அடக்கிவிடும். அமிலம் சிறுகுடலுக்குள் இறங்கியதும் அங்கிருந்தும் "போதும்" என்று தகவல் போகும். நாய் தின்ற உணவு தொண்டையோடு வெளியே விழும்படி செய்து, வயிற்றில் ஒரு வாய்கூடச் சேராத நிலையிலும் இரைப்பை நீர் சுரக்கிறது என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டினாரே, அந்த நரம்பு வேலைதான் இது. செரிமான ஆராய்ச்சிக்காகத்தான் அவருக்கு 1904-இல் நோபல் கொடுத்தார்கள். மாட்டுக்கு முன் அறைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உணவு வந்துகொண்டே இருப்பதால், இந்தக் கடைசி அறை இரவு பகலாகச் சுரந்துகொண்டிருக்கும்.

சோறு தின்ற மாட்டுக்குச் சிக்கல் அங்கே இல்லை, முதல் அறையான பெருவயிற்றில். அதன் சுவரில் அமிலச் சுரப்பியே கிடையாது. உள்ளே இருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள்தான் தீவனத்தைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன, வெயில் நாளில் மூடிவைத்த தோசைமாவுப் பானை போல. வைக்கோல் மெதுவாகப் புளிக்கும். அரிசி, மக்காச்சோள மாவு, கஞ்சி எல்லாம் சீக்கிரம் புளிக்கும், வேகவைத்த சோறு இன்னும் சீக்கிரம். சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கும் பி.எச். (அமில அளவைக் காட்டும் எண், இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் நல்ல நுண்ணுயிர்கள் சாக ஆரம்பிக்கும், லாக்டிக் அமிலம் செய்பவை பெருகும், அவை மேலும் அமிலம் செய்யும், இப்படியே சரிவுதான். இந்த அமிலம் உடம்பிலுள்ள தண்ணீரையும் பெருவயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால்தான் மாட்டுக்குக் கண் குழிவிழுகிறது.

இந்த அறைக்கு "போதும்" என்று சொல்ல ஹார்மோன் எதுவும் இல்லை. உண்டான அமிலத்தில் ஒரு பங்கைப் பெருவயிற்றுச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், இன்னொரு பங்கை உமிழ்நீர் முறிக்கும். மாட்டு உமிழ்நீரில் பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் இருப்பதால் அது காரத்தன்மை உள்ளது. நன்றாக நார்த்தீவனம் தின்னும் பெரிய பசு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் சுரக்கும். ஆனால் அது நிறைய ஊறுவது மென்றால்தான். அதனால் மாட்டின் வயிற்று அமிலத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் மாட்டை மெல்லவைப்பது, அவ்வளவுதான் விஷயம்.

காலையில் எழுந்ததும் அடர்தீவனத்தை (தானியம், தவிடு, பிண்ணாக்கு கலந்த தீவனம்) கரைத்து வைக்காதீர்கள். முதலில் கொஞ்சம் வைக்கோலோ சோளத்தட்டையோ போடுங்கள், அது மென்று முடித்த பிறகு அடர்தீவனம். அதையும் ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். பசும்புல்லை சாஃப் கட்டரில் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவதில் சிலருக்கு ஒரு பெருமை. வீணாகாது என்பது சரிதான், ஆனால் தூள் மாதிரி ஆகிவிட்டால் மாட்டுக்கு மெல்லும் வேலையே இருக்காது. ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கன்று போட்டவுடன் பால் கூட வேண்டும் என்று தீவனத்தை ஒரேயடியாக ஏற்றுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தப்பு. பெருவயிற்றுச் சுவரில் சின்னச் சின்ன விரல்கள் போல இருக்கும் துருத்தல்கள் நீண்டு வளர்ந்தால்தான் அமிலத்தை வேகமாக உறிஞ்ச முடியும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். மூன்று நாளுக்கு அரைக் கிலோ என்கிற கணக்கில் மெதுவாக ஏற்றினால் போதும். நிறையப் பால் கறக்கும் மாட்டுக்கு, அடர்தீவனம் அதிகம் போகிற காலத்தில், தினம் 100 கிராம் அளவுக்கு ஆப்ப சோடா கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. நல்லதுதான். ஆனால் வைக்கோலைக் குறைத்துவிட்டு சோடாவை நம்பினால் வேலைக்கு ஆகாது.

மாடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். மதியம் படுத்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். தொண்டையில் ஓர் உருண்டை மேலே ஏறி வருவது கழுத்தில் தெரியும். அப்போதிருந்து விழுங்கும் வரை எத்தனை முறை மெல்லுகிறது என்று எண்ணுங்கள். 50, 60 வந்தால் சந்தோஷம். 40-க்குக் கீழேயே நின்றால் நார் போதவில்லை. அப்புறம் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்திப் பிடித்திருங்கள். பெருவயிறு அசைந்து கையைத் தள்ளும், நிமிடத்துக்கு ஒன்று இரண்டு தடவை. கையைத் தள்ளவே இல்லை, குலுக்கினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது என்றால் உஷாராகிவிடுங்கள். சாணியையும் பாருங்கள்: நுரையோடு, தண்ணியாக, தின்ற தானியம் முழுசாகத் தெரிந்தால் அமிலம் ஏறுகிறது என்றே வையுங்கள். பால் சங்கத்தில் கொழுப்பு அளவு காரணமில்லாமல் இறங்குவதும், சில வாரம் கழித்துக் குளம்பு வலியில் நொண்டுவதும்கூட இதே கணக்கில் வரலாம்.

மாடு ஏற்கெனவே நிறையச் சோறோ தானியமோ தின்றுவிட்டதா? அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது தெரிய அரை நாள் முதல் ஒன்றரை நாள் வரை ஆகும். மிச்சத் தீவனத்தை எடுத்துவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள், நடக்க முடிந்தால் மெதுவாக நடத்துங்கள், கால்நடை மருத்துவருக்கோ தமிழ்நாட்டில் கால்நடை அவசர உதவி எண்ணான 1962-க்கோ போன் போடுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிடாமல், எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றினால் சரியாகும் என்பார்கள்; எண்ணெய் நுரையோடு வரும் வயிறு உப்புசத்துக்கு, இதற்கில்லை. தள்ளாடும் மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்துப் புட்டியால் எதையாவது புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும், அந்த வேலையே வேண்டாம்.

சோடாவைக்கூட அவசரப்பட்டு அள்ளிப் போட வேண்டாம். பிண்ணாக்கோ யூரியாவோ அளவுக்கு மீறிப் போயிருந்தால் பெருவயிறு எதிர்ப்பக்கம் சாய்ந்து காரம் ஏறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அதிலும் மாடு தீவனம் எடுக்காமல்தான் நிற்கும், ஆனால் அதற்கு வினிகர்தான் மருந்து, சோடா கொடுத்தால் நிலைமை மோசமாகும். மருத்துவர் பெருவயிற்றுத் திரவத்தைக் கொஞ்சம் எடுத்து பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பது இதனால்தான், ஒரு நிமிட வேலை. முற்றிய நிலையில் ரத்தக் குழாய் வழியாகத் திரவமும் பைகார்பனேட்டும் ஏற்றுவார்கள், சில மாடுகளுக்கு வயிற்றைத் திறந்து சோற்றை வெளியே எடுக்கவும் வேண்டியிருக்கும். மாடு தேறி வரும்போது, நல்ல மாட்டின் பெருவயிற்றுத் திரவத்தை எடுத்து இதற்குக் கொடுப்பதும் உண்டு. செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதிலாகப் புதிய கூட்டம் உள்ளே குடியேற அதைவிட நல்ல வழி இல்லை.