செம்பனைக் காட்டிலும் ஆய்வு உண்டு: வனவிலங்கு ஆய்வாளராக விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, விலங்குகள்மீது தீராத ஆசையோடு படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஆசை பாதியிலேயே நின்றுபோவதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. தவிர்க்கக்கூடிய சில தவறுகளே காரணம்.

முதல் தவறு படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே நடக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் படிப்பை முடித்தவர்கள், யானையையும் புலியையும் பற்றிப் படிக்கலாம் என்று நம்பி விலங்கு அறிவியலில் சேருகிறார்கள். அந்தப் பட்டப்படிப்பு பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிகளின் தீவனம், இனப்பெருக்கம், பராமரிப்பு பற்றியது. காட்டு விலங்குகளின் எண்ணிக்கையையும் நடமாட்டத்தையும் ஆராய விரும்பினால் விலங்கியல், பாதுகாப்பு உயிரியல், வனவியல் பக்கம் போக வேண்டும். ஏற்கனவே சேர்ந்துவிட்டவர் கலங்க வேண்டாம். செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) அடியில் மாடு மேய்த்தால் களைக்கொல்லித் தேவை குறைகிறது. அதே மாட்டைத் தேடிக் காட்டோரத்துக்குப் புலி வந்தால் என்ன செய்வது? மாட்டையும் அறிந்தவரே இதற்கு உருப்படியான விடை தருவார்.

எனக்கு அதிக வருத்தம் தருவது அடுத்த தவறு. தமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கோ சபாவின் கினபாத்தாங்கான் காட்டுப் பகுதிக்கோ போனால்தான் ஆய்வு தொடங்கும் என்று காத்திருக்கிறார்கள். செம்பனைக் குலையை எலி கடித்து நாசமாக்குகிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைக் கட்டுப்படுத்தக் கம்பத்தில் பெட்டி பொருத்திக் கூகை என்னும் ஆந்தையைக் குடியேற்றுகிறார்கள். ஒரு காலத்தில் தீபகற்பத்தில் அரிதாக இருந்த இந்தப் பறவை, செம்பனை பரவிய பிறகுதான் பெருகியது. கூகை எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கு அடியில் கிடக்கும் உருண்டையைப் பிரித்தால் மண்டையோடும் தாடையும் கிடைக்கும். எதைத் தின்றது, எத்தனை தின்றது என்று சொல்லிவிடலாம். எலி மருந்தைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகிறது. மருந்து வைக்கும் தோட்டத்தையும் வைக்காத தோட்டத்தையும் ஒப்பிட்டாலே நல்ல ஆய்வுக் கேள்வி பிறக்கும். கூகை அலறினால் சாவு விழும் என்று அஞ்சும் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லவும் இதில் நிறைய இருக்கிறது. கையுறையும் பூட்ஸும் கட்டாயம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும்.

பதிவு செய்யும் முறையிலும் தவறுகள் நிறைய. கூகை இருந்த பெட்டியை மட்டும் குறித்துக்கொண்டு, காலிப் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். காலிப் பெட்டிக்கு எதிரே 0 என்று எழுதாவிட்டால், கூகை எந்த இடத்தைத் தவிர்க்கிறது என்று ஒருபோதும் தெரியாது. தானியங்கி கேமராவைத் தடம் தெரிந்த பாதையில் மட்டும் கட்டுவதும் அப்படித்தான்: விலங்கு அங்கேதான் நடமாடுகிறது என்ற முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. ஒரு மரநாய் பத்து முறை கேமரா முன் நடந்தால் பத்துப் படம் விழும். பத்து மரநாய் ஆகாது. புலியை வரிகளைக் கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியலாம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று மதிப்பிட்டது. உடலில் அடையாளம் இல்லாத விலங்குக்கு வேறு கணக்கு முறை வேண்டும். ஆகவே புள்ளியியலுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். இத்துறையினர் பரவலாகப் பயன்படுத்தும் ‘ஆர்’ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகியின் ஒப்புதல் வேண்டும். பாதுகாக்கப்பட்ட விலங்கைப் பிடிக்கவோ வைத்திருக்கவோ 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அரசின் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தேவை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

பால்மரம் (ரப்பர்) வெட்டப்பட்டுச் செம்பனை வந்தபோது எந்த விலங்கு மறைந்தது, எது புதிதாக வந்தது என்பது பழைய தொழிலாளர்களின் நினைவில் இருக்கிறது. காட்டோரத்தில் வாழும் பழங்குடியினரான தெமியார் மக்கள் அறிந்தது அதைவிட ஆழம். அவர்களை வழிகாட்டிகளாக மட்டும் நடத்துவது அநியாயம். அவர்கள் சொன்னதை யார், எப்போது சொன்னார் என்று குறித்து, முடிவுகளைத் திரும்பக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

கடைசியாக, வேலை. பல்கலைக்கழகமும் பெர்ஹிலித்தானும் மட்டுமே வழி என்று பெற்றோர் நினைக்கிறார்கள். 2020 முதல் மலேசியச் செம்பனை எண்ணெய்க்கான எம்.எஸ்.பி.ஓ. நிலைத்தன்மைச் சான்றிதழ் கட்டாயமாகிவிட்டதால், தோட்ட நிறுவனங்களுக்கும் சுற்றுச்சூழல் அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். மலேசிய இயற்கைச் சங்கம் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் ஆய்வு உதவியாளர் பணி பெரும்பாலும் மானியத்தைச் சார்ந்தது. மானியம் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடலாம். சேரும்முன் ஒப்பந்தம் எத்தனை மாதம், களப்பணிக்குக் காப்புறுதி உண்டா, கட்டுரையில் பெயர் வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.