ரீஸ்டோர் செய்யும் முன் லாக் கோப்பின் கடைசிப் பகுதியைக் காப்பாற்றுங்கள்

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரில், ஃபுல் ரெக்கவரி மாடலில் (ஒவ்வொரு மாற்றத்தின் பதிவான லாகை, அது பேக்கப் ஆகும் வரை காத்து வைக்கும் அமைப்பில்) இயங்கும் தரவுத்தளம் பழுதாகிவிட்டால், உடனே பழைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்யத் தொடங்காமல், கடைசி லாக் பேக்கப்புக்குப் பின் நடந்த பரிவர்த்தனைகள் அடங்கிய எஞ்சிய லாகை முதலில் பேக்கப் எடுக்க வேண்டும். டேட்டா கோப்பு சேதமடைந்திருந்தாலும், லாக் கோப்பு நன்றாக இருக்குமானால், ‘நோ_ட்ரங்கேட்’ தெரிவுடன் இதைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். வட்டில் இடமில்லை என்று அந்த லாக் கோப்பை (எல்டிஎஃப்) அழிப்பது மட்டும் கூடவே கூடாது.

அடுத்து முழு பேக்கப்பையும், அதற்குப் பின் மாறியவை மட்டும் அடங்கிய கடைசி டிஃபரன்ஷியல் பேக்கப்பையும், அதற்குப் பிந்தைய லாக் பேக்கப்புகளை வரிசை மாறாமலும் தரவுத்தளத்தைத் திறக்காமல் வைத்திருக்கும் ‘நோரெக்கவரி’ தெரிவுடன் ரீஸ்டோர் செய்ய வேண்டும். இதைக் குறிப்பிட மறந்தால் இயல்பாகவே ‘ரெக்கவரி’ செயல்பட்டுத் தரவுத்தளம் திறந்துகொள்ளும், அதன்மேல் வேறு லாகைச் சேர்க்க முடியாது என்பதால் மறுபடியும் முழு பேக்கப்பிலிருந்தே தொடங்க நேரிடும். எல்லா லாகும் ஏறிய பிறகு ‘ரெக்கவரி’ கொடுத்தால் போதும்.

யாரேனும் காலை 10.15 மணிக்கு ஓர் அட்டவணையை (டேபிள்) தவறுதலாக நீக்கியிருந்தால், ‘ஸ்டாப்அட்’ தெரிவில் 10.14 என்று கொடுத்து அந்த நிலைக்கு மீட்கலாம். அப்போதும் வேறு பெயரில் மீட்டு, அந்த அட்டவணையை மட்டும் நகலெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். அப்படிச் செய்தால் 10.14-க்குப் பின் பதிவான மற்றவை இழக்கப்படாமல் இருக்கும்.