மேடைப் பேச்சு கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் முறை

பரணில் கிடக்கும் சினிமாப் பாட்டு கேசட்டுகளுக்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அவை வேறு எங்காவது கிடைத்துவிடும். யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்த கட்சிக் கூட்டம், கோயில் திடல் பட்டிமன்றம், வளைகுடாவிலிருந்து கடிதத்துக்குப் பதிலாக வந்த குரல் கேசட் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான் இருக்கும். அவற்றை முதலில் எடுங்கள்.

கையில் எடுத்ததும் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். இனி யாராவது தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது. அடுத்து, கேசட்டின் நடுவில் உள்ள ஜன்னல் வழியாக டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால், பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு திறந்த வெளியில் மென்மையான தூரிகையால் துடையுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், டேப் சுருங்கி நெளிந்துவிடும்.

பஞ்சு காணாமல் போவதுதான் அடிக்கடி வரும் கோளாறு. கேசட்டின் வாய்ப்பகுதியில், நடுவில், செம்பு நிற வில்லின் மேல் ஒரு சிறு பஞ்சுத் துண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் குரல் மங்கி மங்கி வரும். டேப்பே கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. ஐந்து திருகு உள்ள வேறொரு கேசட்டை வாங்கி, அதன் கூட்டுக்குள் இந்த டேப்பை மாற்றினால் போதும். வெள்ளைத் தட்டின் மேல் படுக்கவைத்துத் திறங்கள். மூலையில் உள்ள உருளைகளும் வழுக்குத் தாள்களும் எப்படி இருந்தன என்பதை முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டேப் அறுந்திருந்தால் சாதாரண செல்லோ டேப் வேண்டாம், அதன் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டும். 3.81 மி.மீ. அகல ஒட்டுநாடாவை, ஹெட்டில் உரசாத உட்புறத்தில் ஒட்டுங்கள்.

மலிவான யூ.எஸ்.பி. கேசட் பிளேயர்களில் வேகம் ஆடும், குரல் நடுங்கும். பழைய நல்ல டெக் (வீட்டில் வைக்கும் பெரிய கேசட் பிளேயர்) ஒன்றை ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து பெல்ட் மாற்றி வாங்குவது எவ்வளவோ மேல். ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைக்கவும். ரப்பர் உருளைக்கு ஈரத்துணி போதும். ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றினால் இறுகிய டேப் தளரும். சி-120 (120 நிமிட) கேசட்டுக்கு மட்டும் இது கூடாது, அதன் டேப் மிக மெல்லியது.

இனி காதுக்கு வேலை. ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு ரெக்கார்டரில் பதிவானது, ஒவ்வொன்றிலும் ஹெட் சற்று வேறு கோணத்தில் இருந்திருக்கும். பிளே ஓடும்போது ஹெட்டின் பக்கத்தில், வில் போட்ட ஒரு சிறு திருகு தெரியும். ஹெட்போனில் மோனோவாக (இரு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து) கேட்டபடி அதைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கின்றனவோ அங்கே நிறுத்துங்கள். எந்த மென்பொருளாலும் பின்னால் மீட்க முடியாத தெளிவு இதில் கிடைக்கும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தானை அணைத்தே வையுங்கள். கூட்டங்களில் பதிவு செய்த சாதாரண ரெக்கார்டர்களில் டால்பி இருந்ததில்லை. போட்டால் குரல் மந்தமாகும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளிவரும் துளை), லைன் இன் (அந்த ஒலியை வாங்கும் துளை) உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ கருவி வழியாகக் கணினிக்குக் கொண்டுபோங்கள். லேப்டாப்பின் ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அதில் செருகினால் ஒலி உடையும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, உச்ச அளவு -6 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்து, சுருக்கப்படாத வேவ் (.wav) கோப்பாகச் சேமிக்கவும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. ஆகும். எம்.பி.3 வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான். மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் எதையும் செய்யாதீர்கள். கைதட்டலும், மைக் செட்காரரின் ‘ஹலோ, ஹலோ’வும், பேச்சுக்கு நடுவே வரும் ‘துண்டுச்சீட்டு’ அறிவிப்பும் அந்தக் கூட்டத்தின் சாட்சிகள்.

சாட்சி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018-இல் மறைந்த கருணாநிதியின் உருவமும் குரலும் 2024-இல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டு மேடைத் திரையில் பேசின. அதே ஆண்டு ஜெயலலிதாவின் குரலும் அப்படி வந்தது. அவை செயற்கையானவை என்று அறிவித்து வந்தவை. அறிவிக்காமலும் வரும். அப்போது உங்கள் பதிவு உண்மையானது என்று காட்ட மூன்று பொருள் தேவை: அசல் கேசட், கைவைக்காத வேவ் கோப்பு, கணினியில் பதிவு செய்த அன்றே எடுத்த எஸ்.எச்.ஏ-256 கணக்கு. கடைசியாகச் சொன்னது, கோப்பை வைத்து மென்பொருள் கணக்கிட்டுத் தரும், 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரி. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த வரி மாறிவிடும். அன்று முதல் கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது சொல்லும், அதனால் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கூடவே ஒரு குறிப்புக் கோப்பு எழுதுங்கள்: யார் பேசியது, எந்த ஊர், யார் பதிவு செய்தது, எந்த டெக்கில் ஓட்டியது. கேசட்டும் ஒலியும் நன்றாக இருந்தும் பேசியவர் யாரென்று தெரியாமல் வீணான பதிவுகள் ஏராளம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் பேச்சுக்குள்ளேயே தேடலாம். அ.தி.மு.க.வின் ஒரு பிரிவுக்குச் ‘சேவல்’ சின்னத்தில் ஓட்டுக் கேட்டால் அது எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரட்டை இலை முடங்கிய நேரம், 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தல். ‘இரட்டைப் புறா’வுக்குக் கேட்டால் அதே தேர்தலில் ஜானகி அணி. ஊகித்த தேதியை ‘ஊகம்’ என்றே குறியுங்கள். கோப்பின் பெயரை ஆண்டு-மாதம்-நாள், ஊர், பேச்சாளர் என்ற வரிசையில் வைத்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும்.

மூன்று பிரதி வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்கட்டும், ஒன்று வேறு வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து அந்த 64 எழுத்து வரியைச் சரிபாருங்கள்.  குரல் கடிதங்களை, பேசியவரையோ அவர் குடும்பத்தையோ கேட்காமல் பொதுவில் ஏற்றாதீர்கள். அசல் கேசட்டை முழுதும் ஒரு பக்கமாகச் சுற்றி, பெட்டிக்குள் செங்குத்தாக, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி வையுங்கள்.