பழைய ராணுவ ஜீப்பை மலைக்குக் கொண்டுபோவதற்கு முன்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வில்லீஸ் ஜீப்பைப் பார்த்துவிட்டு வருகிறவர் போகிறவர் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது மலை ஏறுமா?" ஏறும். எண்பது வயதைத் தொட்ட வண்டி, புதிதில் 60 குதிரைத்திறன், இப்போது அதில் பாதி மிஞ்சியிருந்தாலே அதிகம், ஆனாலும் லோ கியரில் போட்டுவிட்டால் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடும். இறங்குமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. ஏறும்போது பழுதானால் வண்டி நின்றுவிடும், அட்டைக்கடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்து இழுக்க ஆள் தேடலாம். இறங்கும்போது பழுதானால் நிற்காது.

இதை நான் உலு லங்காட் பக்கம் பாலாக் (வெட்டுமரம்) ஏற்றிய லோரிகள் போன ஒரு பழைய பாதையில் கற்றுக்கொண்டேன். மாமா பக்கத்தில் இருந்தார். செம்மண் இறக்கம், மழை பெய்து ஓய்ந்திருந்தது. லோ ரேஞ்சில்தான், அதாவது எல்லாக் கியரையும் இன்னும் மெதுவாக்கும் நிலையில்தான், வந்துகொண்டிருந்தோம். முன்சக்கரம் ஒரு குழியில் விழுந்து எழுந்த குலுக்கலில் லோவையும் ஹையையும் மாற்றும் டிரான்ஸ்ஃபர் லிவர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இரைந்துகொண்டிருந்த எஞ்சின் சட்டென்று மெல்லிய சத்தத்துக்குப் போனது, வண்டி வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரை வரை போய் நின்றது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண்மேடு. "மேட்டுல விடுடா!" என்று மாமா கத்தினார், விட்டேன். வலது மட்கார்டு மடங்கியதோடு போயிற்று. அந்த மடிப்பை இன்னும் நிமிர்த்தவில்லை.

அதனால், செலவு செய்யும் முதல் ரிங்கிட்டை பிரேக்கில் போடுங்கள். சிலர் வண்டியை வாங்கிய கையோடு பச்சை பெயிண்ட் அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் ஒட்டி, அப்புறம்தான் அடியில் படுத்துப் பார்க்கிறார்கள். நட்சத்திரம் வண்டியை நிறுத்தாது.

வில்லீஸ் எம்பி, அதே ஜீப்பை ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ, இரண்டிலும் நாலு சக்கரத்துக்கும் 9 அங்குல டிரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். இப்போதைய கார்களில் அதை இரண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இதில் ஒரு சக்கரத்தின் சிலிண்டர் ஒழுகினால் நாலும் போச்சு. பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுகிறவரின் காலடித் தகட்டுக்குக் கீழே, சேறு தெறிக்கும் இடத்தில் இருக்கிறது, அதனாலேயே யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டி நிற்கும்போது பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள், கடிகாரத்தைப் பார்த்து. வெளியே எங்கும் ஒழுகாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. இரண்டு மூன்று தடவை பம்ப் பண்ணினால்தான் பிடிக்கிறது என்றால் காற்று இருக்கிறது, அல்லது ஷூக்களை டிரம்முக்கு நெருக்கி அட்ஜஸ்ட் பண்ண வேண்டும். ரப்பர் ஹோஸை வெளியே பார்த்து நம்பாதீர்கள், உள்ளே ஊதிப்போயிருக்கும். அப்படி ஊதினால் பிரேக் பிடிக்கும், விடாது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தப் பக்கத்து ஹோஸோ சிலிண்டரோ இறுகியிருக்கிறது. பிரேக் ஆயில் டாட் 3 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் சூடாகிக் கொதிக்கும், கொதித்தால் பெடல் பஞ்சாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை முழுவதும் மாற்றிவிடுங்கள்.

ஹேண்ட்பிரேக் இன்னொரு கதை. அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (எஞ்சின் பலத்தை முன், பின் அச்சுகளுக்குக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ஷாஃப்டைப் பிடிக்கிறது. சமதரையில் அருமையாக நிற்கும். ஆனால் சரிவில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் இருந்தாலோ வழுக்கும் சேற்றில் இருந்தாலோ, டிஃபரென்ஷியல் (இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) வழியாக அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, மற்றது எதிர்ப்பக்கம் சுற்ற, ஷாஃப்ட் அசையாமலே வண்டி நகரும். 4 சக்கர டிரைவில் போட்டு நிறுத்தினால் முன் அச்சும் சேர்ந்து பிடிக்கும். அப்படியிருந்தும் கட்டை வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. பழைய ரப்பர் மரத்துண்டை ஆப்பு மாதிரி சீவி இரண்டு வைத்திருக்கிறேன், கடையில் வாங்கியதைவிட நன்றாகக் கடிக்கிறது.

அடுத்தது கியர். இந்த ஜீப்பின் டி-84 கியர்பாக்ஸ் தேய்ந்திருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் கியரைத் துப்பிவிடும், இரண்டாவது கியர்தான் அதிகம் துப்பும். காட்டுக்குப் போய் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போகும் பழைய ரோடு இருக்கிறதே, 68ஆம் எண் ரோடு, அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போங்கள். கெந்திங் செம்பா வரை ஏறும்போது தண்ணீர்ச் சூட்டைக் கவனியுங்கள். திரும்பி இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டு, லிவரைப் பிடிக்காமல் வாருங்கள், கால் மட்டும் பிரேக்குக்கு மேல் தயாராக இருக்கட்டும். லிவர் நடுங்கினால் எச்சரிக்கை, துள்ளினால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு, மலைக்கு இல்லை. லோ ரேஞ்சை மட்டும் இந்த ரோட்டில் சோதிக்க வேண்டாம். இந்த ஜீப்பில் லோ போட வேண்டுமானால் முன் அச்சையும் சேர்க்க வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது, தாரில் திருப்பினால் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கும். அதை மண் பாதையில், சின்னச் சரிவில் பாருங்கள். துள்ளினால் பெரும்பாலும் உள்ளே லிவர் தண்டைப் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும்தான் காரணம், விலை குறைவு. எனக்கு மட்கார்டை மடித்தது அந்த ஸ்பிரிங்தான்.

எஞ்சினின் கம்ப்ரெஷனையும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளந்து பாருங்கள், ஏறும் பலத்துக்காக மட்டும் இல்லை. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து இழுப்பது எஞ்சின்தான், அது தேய்ந்திருந்தால் இழுக்காது. நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் போதும், ஒன்று மட்டும் படுத்துக்கிடந்தால் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை ஆயில் ஊற்றுங்கள், உள்ளே பித்தளை வளையம் இருக்கிறது, அதை ஆயில் அரிக்கக்கூடாது.

சூடு. 33 டிகிரி வெயிலில் நடை வேகத்தில் ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது, விசிறி மட்டும்தான். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே ஊறிய துருவை வெளியேற்றுங்கள், பெல்ட் புதிதாக இருக்கட்டும். பெட்ரோல் ஆவியாகி லைனை அடைப்பது இன்னொரு தொல்லை: வண்டி நன்றாக ஏறி வரும், நிழலில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் வராது. ஆள் ஆளுக்கு கார்புரேட்டரைக் குறை சொல்வார்கள். ஈரத்துணியை பெட்ரோல் பம்ப் மேல் போட்டு, ஒரு சிகரெட் நேரம் காத்திருங்கள் (சிகரெட் பற்றவைக்காமல், டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது). 6 வோல்ட் வண்டியானால் பேட்டரி கேபிள் தடிமனாகவும், எர்த் பிடிக்கும் இடம் பெயிண்ட் சுரண்டிப் பளபளவென்றும் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால் பாதி நேரம் அந்த எர்த்தான்.

டயருக்கு 35 பிஎஸ்ஐ என்பது அந்தக் காலத்துக் கணக்கு. சேற்றில் 20 வரை இறக்கலாம், அதற்குக் கீழே போகாதீர்கள். உள்ளே டியூப் இருக்கிறது, காற்றுக் குறைந்தால் ரிம் சுற்றும், டயர் சுற்றாது, வால்வு பிய்ந்து வந்துவிடும். இரண்டு துண்டாக நட் போட்டு இணைத்த காம்பாட் ரிம் என்றால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: காற்று முழுவதும் இறக்காமல் அந்த நட்டுகளைத் தொடாதீர்கள். வெடித்துப் பறக்கும், முகத்துக்கு நேராக.

பாதைக்கு வருவோம். வனக்காப்புக்குள் போவதென்றால் மாநில வனத்துறையின் பெர்மிட் வேண்டும், முன்கூட்டியே எடுங்கள். பினாங்கு ஆட்கள் கொடிமலை ஜீப் ரோட்டைக் காட்டி ஆசைப்படுவார்கள், அங்கே அனுமதி உள்ள வண்டிகள்தான் போகலாம், நமக்கு நடைதான். காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் இறக்கத்தை முடித்துவிடுங்கள், சிலாங்கூர் மலைகளில் மூன்று மணிக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. தனியாகப் போகாதீர்கள், இன்னொரு வண்டி கூட வரட்டும். கைவின்ச், மரத்தைச் சுற்றப் பட்டையான பெல்ட், பாராங் கத்தி, ஒரு கேன் தண்ணீர், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட், இக்னிஷனுக்குப் பாயின்ட், கண்டென்சர். நாசி லெமாக் நாலு பொட்டலம். ஹைவேயைத் தவிர்த்துப் பழைய ரோட்டில் போவது நல்லது, 70ஐத் தாண்டினால் இந்த வண்டி கத்தும், தவிர ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் லோரியை முந்த வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் தூங்குகிறவரை உட்கார வைக்காதீர்கள்.

செங்குத்தான மேடு வந்தால் முதலில் இறங்கி நடந்து பாருங்கள், உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது வரைக்கும். லோவில் முதல் கியர், நேராக, ஒரே சீராக. சரிவில் குறுக்கே மட்டும் திரும்பாதீர்கள். இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே வெறும் 49 அங்குலம், உருண்டால் தலையைக் காப்பாற்ற மேலே ஒன்றும் இல்லை. பாதி மேட்டில் எஞ்சின் அணைந்துவிட்டால் கிளட்சை மிதித்துப் பின்னால் உருளவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள், இக்னிஷன் சுவிட்சை அணையுங்கள், கிளட்சை மிதித்து ரிவர்ஸில் போட்டுக் கிளட்சை முழுவதும் விடுங்கள். அப்புறம் பிரேக்கை மெல்லத் தளர்த்திப் பாருங்கள், கியர் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கிளட்சைத் தொடாமலே சுவிட்சைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் எஞ்சின் பற்றிக்கொண்டு தானாகவே பின்னால் இறங்கத் தொடங்கும். திரும்பிப் பார்த்து ஸ்டீயரிங்கை நேராக வைத்திருப்பது மட்டும்தான் உங்கள் வேலை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேட்டில் நாலைந்து தடவை இதைப் பழகுங்கள், பயத்தில் கை தானாகச் செய்ய வேண்டும்.

ஆற்றைக் கடந்தால் அக்கரையில் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நனைந்த டிரம் பிடிக்காது, நனைந்த டிரம்மோடு இறக்கத்தைத் தொடங்கக்கூடாது.

இறக்கத்தில் உச்சியிலேயே நின்று, லோவில் முதல் கியரைப் போட்டு, அப்புறம்தான் மூக்கைக் கீழே விட வேண்டும். பாதி வழியில் கியர் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், முதல் கியருக்கு சின்க்ரோ (பற்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) இல்லை, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கியரில் எஞ்சின் 25 சுற்றுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று, அதாவது 1000 ஆர்பிஎம்மில் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம், மனிதன் நடக்கிற வேகம். கிளட்ச் பக்கம் கால் போகவே வேண்டாம், காலைத் தரையில் ஊன்றி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் டிரான்ஸ்ஃபர் லிவர் மேல் கை வைத்திருக்கட்டும், ஸ்பிரிங் புதிதாக இருந்தாலும். எஞ்சின் தாங்காமல் வேகம் கூடினால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்க ஆரம்பித்தால் கால் போக நினைப்பது பிரேக்குக்கு, போக வேண்டியது ஆக்சிலேட்டருக்கு. ஒரு துளி கொடுங்கள், சக்கரம் மறுபடி சுற்றி மண்ணைப் பிடிக்கும், ஸ்டீயரிங் திரும்பக் கிடைக்கும்.

வீடு வந்ததும் டிரம்முக்குள் போன சேற்றைக் கழுவுங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் அது அரம் மாதிரி லைனிங்கைத் தின்னும். ராத்திரி முழுக்க வண்டி அசையாமல் நிற்கட்டும். சூடான அச்சு குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ராத்திரிக்குள் அது ஆயிலுக்குக் கீழே போய்த் தங்கிவிடும். காலையில் அச்சின் அடிப் பிளக்கை முழுவதும் கழற்றாமல் இரண்டு மரை மட்டும் தளர்த்தி, கீழே ஒரு கண்ணாடி டம்ளரைப் பிடியுங்கள். ஆயில் வந்தால் இறுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். போன தடவை எனக்குப் பின்அச்சிலிருந்து முதலில் அரை டம்ளர் தண்ணீரும், அதற்குப் பிறகு தே தாரிக் நிறத்தில் நுரைத்த ஆயிலும் வந்தது. அன்றைக்கே வடித்து, புது ஆயில் ஊற்றி, 10 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் வடித்தேன்.