சி மேஜர் பிரிலூடை விரைவில் கைவசப்படுத்த

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1722-இல் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ என்ற விசைப்பலகை இசைத்தொகுப்பின் முதல் தொகுதியிலுள்ள சி மேஜர் பிரிலூடை (முன்னிசையை)ப் பயில்வோர், ஸ்வரங்களைத் தனித்தனியே வாசிக்காமல், பாருக்கு (தாளக்கட்டுக்கு) ஒரு கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) என அதன் ஐந்து ஸ்வரங்களையும் இரு கைகளாலும் ஒருசேர அழுத்தி முதல் 32 பார்களைக் கடந்துவிட வேண்டும்.

இந்த 32 பார்களிலும் ஒரே எட்டு ஸ்வர உருவமே (ஐந்தில் மூன்று மீண்டும் ஒலிக்கும்) பாருக்கு இருமுறை வருவதால், விரல்கள் நிற்க வேண்டிய இடம் பிடிபட்டபின் அவற்றை வரிசையாக உதிர்ப்பது எளிது. சாந்தமானது என்று பெயரெடுத்த இந்தப் பிரிலூடில் 22, 23-ஆம் பார்கள் எவ்வளவு கடுமையாக உரசுகின்றன என்பதும், 24 முதல் எட்டுப் பார்களுக்கு இடக்கை கீழ் ஜி-யை விடாமல் பற்றியிருக்க, மேலே ஏக்கம் எப்படி ஏறுகிறது என்பதும் கார்டாக அழுத்தும்போதுதான் தெளிவாகக் கேட்கும். (சில பழைய பதிப்புகளில் 22-க்குப் பின் ஒரு பார் கூடுதலாக இருக்கும்; அவற்றில் எண்கள் ஒன்று தள்ளிப்போகும்.)

கடைசி மூன்று பார்களில் உருவம் மாறிவிடுவதால் அங்கே இம்முறை செல்லாது. அதே தொகுதியின் சி ஷார்ப் மைனர் பிரிலூடு போல, கைகள் மெட்டை மாறி மாறி ஏந்திச் செல்லும் படைப்புகளுக்கு ஒவ்வொரு குரலையும் (மெட்டிழையையும்) தனியே பயில்வதே நல்லது.