ஆம்பில் ட்யூப் அடிக்கடி போகிறதா? செய்யக்கூடாத தவறுகள்

கிட்டார் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய வால்வுகள்தான் பவர் ட்யூப். அது ஒன்றிரண்டு வருடம் உழைத்துவிட்டுப் போனால் வயது. மாட்டி மூன்றே மாதத்தில் போய், அடுத்து மாட்டியதும் அதே மாதிரி போனால், கோளாறு பெரும்பாலும் ஆம்புக்குள் இருக்கிறது. அதைத் தேடாமல் மூன்றாவது ஜோடிக்குக் காசு போடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு.

முதலில் அறை விளக்கை அணைத்துவிட்டு ஆம்பின் பின்பக்கம் பாருங்கள். ட்யூபின் நடுவே தெரியும் ஆரஞ்சு வெளிச்சம் ஹீட்டருடையது. அது இருக்கத்தான் வேண்டும். அதைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறத் தகடு, அதாவது பிளேட், சிவந்தால் உடனே ஆஃப் செய்யுங்கள். நன்றாக ஆறியதும் அந்த ட்யூபையும் பக்கத்து ட்யூபையும் இடம் மாற்றிப் போட்டு, கொஞ்ச நேரம் மட்டும் ஆன் செய்து பாருங்கள். சிவக்கும் கோளாறு அந்த ட்யூபோடு கூடவே இடம் மாறினால் ட்யூப் கெட்டது. பழைய சாக்கெட்டிலேயே நின்றால் கோளாறு ஆம்பில்.

அப்படி நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கப்ளிங் கெபாசிட்டரை. முந்தைய கட்டத்தின் உயர் டிசி வோல்டேஜ், ட்யூபின் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்கு வராமல் தடுப்பது அதன் வேலை. பழசாகி லேசாகக் கசிந்தாலே கிரிட்டின் நெகட்டிவ் வோல்டேஜ் குறைந்து, ட்யூப் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். பவர் ட்யூபுகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சாக்கெட்டிலும் கிரிட் பின்னை அளந்தால் தெரிந்துவிடும். ஈஎல்34, 6எல்6 என்ற பவர் ட்யூப் வகைகள் இரண்டிலும் அது 5-வது பின். ஒன்றில் மைனஸ் 38 வோல்ட், மற்றதில் மைனஸ் 20 என்று காட்டினால் மைனஸ் 20 காட்டும் பக்கத்தில் கோளாறு. சாக்கெட்டின் பிடி தளர்ந்து கிரிட் பின் சரியாகத் தொடாவிட்டாலும் இதே கதைதான். ஒன்று கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிரை எடுக்கும். பழக்கமில்லாதவர்கள் இந்த அளக்கும் வேலையை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் பயாஸ், அதாவது வாசிக்காமல் இருக்கும்போது ட்யூப் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு. ‘மேட்ச் செய்த ஜோடிதானே, அப்படியே மாட்டலாம்’ என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும், உங்கள் ஆம்பின் பயாஸுக்குப் பொருந்தும் என்று அர்த்தமில்லை. ஈஎல்34-இன் பிளேட் தாங்குவது 25 வாட். பயாஸை மாற்றியமைக்கும் வகை ஆம்பில், வாசிக்காமல் இருக்கும்போது அதில் 70 சதவீதத்தைத் தாண்டவிடாமல் வைப்பது வழக்கம். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் ஒரு ட்யூபுக்குச் சுமார் 38 மில்லிஆம்ப்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஓட்டக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஆனால் ஹெட்டிலிருந்து (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஸ்பீக்கர் கேபினட்டுக்கு கிட்டார் கேபிளைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் மெல்லிய கம்பி நடுவில் அறுந்தால் ஸ்பீக்கரே இல்லாத நிலைதான். ட்யூபோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம்.

ட்யூப் ஷார்ட் ஆகிப் போயிருந்தால் அதன் ஸ்கிரீன் கிரிட்டுக்குப் போகும் ஸ்கிரீன் ரெசிஸ்டர் கருகியிருக்கிறதா என்று பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடவே போடாதீர்கள். பவர் ட்யூப் போனதற்காக 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய ப்ரீஆம்ப் ட்யூப்களையும் சேர்த்து மாற்றத் தேவையில்லை, அவை பல வருடம் உழைக்கும். பென்சிலால் மெதுவாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் கணீரென்று சத்தம் எழுப்புவதை மட்டும் மாற்றினால் போதும்.