ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் வந்த பழுப்புக் கறை

பல்லடம் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் கருவிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து எடுக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்களில், அதாவது ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கத்தரி போன்ற கருவிகளில், கொஞ்ச நாளாகவே பழுப்புக் கறை. "துருப் புடிச்சிருச்சுங்க்கா, ஒதுக்கிப் போட்ரலாங்களா?" என்றாள் உதவிக்கு வரும் பெண்.

துருவா, கறையா என்று பார்க்க எளிய வழி பென்சில் ரப்பர். தேய்த்ததும் கறை போய் அடியில் வழவழப்பாக இருந்தால் வெறும் படிவு. குழி தெரிந்தால் அரிப்பு. அந்தக் கருவியை நோயாளியிடம் கொண்டுபோகவே கூடாது. எங்களுடையதில் பெரும்பாலும் படிவுதான். காரணம் உப்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீர். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்களுக்கு இது புரியாது, இங்கே பக்கெட்டிலேயே வெள்ளைப் பொருக்கு கட்டும்.

கடைசி அலசலுக்கும் ஆட்டோகிளேவில் ஊற்றவும் உப்பு நீக்கிய டிமினரலைஸ்டு தண்ணீருக்கு மாறினோம். கறை நின்றது.

அப்புறம் மற்றதையும் இறுக்கிப் பிடித்தேன். ரத்தம் காயும் முன்பே என்சைம் கரைசலில் ஊறவைக்கிறோம். சலைன் என்கிற உப்புக் கரைசலில் போடவே கூடாது, அதிலுள்ள குளோரைடு ஸ்டீலை அரிக்கும். கருவியை மூட்டு விரியத் திறந்து நைலான் பிரஷ்ஷால்தான் தேய்க்க வேண்டும், ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம். மூட்டுக்குத் தண்ணீரில் கரையும் கருவி எண்ணெய் மட்டுமே. தையல் மெஷின் எண்ணெய் போட்டால் நீராவி உள்ளே புகாது. பேக் செய்யும்போதும் கருவி திறந்தே இருக்க வேண்டும்.

பிடிமானத்தையும் சோதிக்கிறோம். பிடியருகே உள்ள பூட்டின் முதல் பல்லில் பூட்டி, பிடிப்பக்கத்தை மேசை விளிம்பில் மெல்லத் தட்டுவோம். தானாகத் திறந்துகொண்டால் அது ரிப்பேருக்குப் போகும்.